முகம் தேடும் கேமரா

கீழ் லயம்,
கல்லுமலைத் தோட்டம், லுணுகலை.
2024 ஆகஸ்ட் 4

அன்புள்ள ரஜீவ் அண்ணனுக்கு,

தயானி எழுதுகிறேன். உங்கள் வீடியோக் கடை விலாசத்தைப் பதுளைப் பழைய சாமான் கடை ஜௌபர் நானாதான் தந்தார். அவரைத் திட்ட வேண்டாம். கொழும்புக்குச் சாமான் எடுக்க வந்தபோது உங்களைக் கண்டதாக வாய் தவறிச் சொல்லிவிட்டார். அதன்பிறகு நான் அவரை விடவில்லை. போன் நம்பரையும் கேட்டேன். "அது மட்டும் வேணாம் தங்கச்சி, சத்தியம் வாங்கிட்டாரு" என்றார்.

பழைய கதை பேச நான் எழுதவில்லை. எனக்கு ஒரு வீடியோ கேமரா வாங்க வேண்டும். எதை வாங்குவது என்று தெரியவில்லை. உங்களைத் தவிர அதைக் கேட்க எனக்கு ஆள் இல்லை.

ஒரு சின்னப் படம் எடுக்க நினைக்கிறேன். மலை சரிந்து மேல் லயத்து வீடுகள் புதைந்த இடத்தில் வருகிற வருடம் மரக்கன்று நடப் போகிறார்கள். மரம் வளர்ந்துவிட்டால் அங்கே நாம் குடியிருந்த காம்பராக்கள் இருந்தன, கோழி மேய்ந்தது, அடுப்பு எரிந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அதற்கு முன் அந்த இடத்தையும் மிஞ்சியவர்கள் பேசுவதையும் எடுத்து வைக்க வேண்டும். போனில் எடுத்துப் பார்த்தேன். காலைப் பனியில் எல்லாம் சாம்பலாகத் தெரிகிறது. இராக்கம்மா அத்தை பேசியதைக் கேட்டால் காற்றுச் சத்தம்தான் வருகிறது.

அந்தப் பக்கம் தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்கள் இப்போதும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் வேறு யாராவது பதில் சொல்லிவிடுவார்களாம். இதையெல்லாம் எப்படி எடுப்பது?

முன்பள்ளிச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது கொஞ்சம் இருக்கிறது. புதிதாக வாங்க அது போதாது. அம்மா நடப்பதாக, பேசுவதாக நம்மிடம் ஒரு படம்கூட இல்லை, அண்ணே. மாரியாயி என்று பெயர் போட்ட அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். அதில் அவர் அம்மாவைப் போலவே இல்லை.

பதில் எழுதுங்கள்.

தங்கச்சி,
தயானி

*

கொழும்பு
2024 ஆகஸ்ட் 15

தயானி,

கடிதம் கிடைத்தது. நம்பர் தர மாட்டேன். பேசினால் சண்டைதான் வரும். கேமரா பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் எண்களைப் பார்த்து ஏமாறாதே. முதல் படம் எடுப்பவருக்கு அவை தேவையில்லை. கைக்குள் அடங்கும் பழைய ஹேண்டிகேம் மலிவாகக் கிடைக்கும்; வெளிச்சம் குறைந்தால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வரும், உங்கள் பனிக்கு ஆகாது. ஹெல்மெட்டில் மாட்டும் சின்னக் கேமராவும் வேண்டாம். அதில் மனிதர் முகம் பந்து போல் தெரியும். லென்ஸ் கழற்றி மாட்டும் வகையில், ஓரிரண்டு பேர் பாவித்த செகண்ட் ஹேண்ட் ஒன்று பார். உள்ளே கண்ணாடி இல்லாத, மிரர்லெஸ் என்கிற சின்ன வகை. மூன்று விஷயம் கட்டாயம் இருக்க வேண்டும்: வெளி மைக் குத்துவதற்கு ஓட்டை, பக்கவாட்டில் திறந்து திருப்பக்கூடிய திரை, மங்கல் வெளிச்சத்திலும் தெளிவு.

கையில் இருப்பதையெல்லாம் கேமராவிலேயே கொட்டாதே. ஒரு மைக், அதற்குக் காற்று அடைக்கும் பஞ்சுத் தொப்பி, கனமான ஸ்டாண்ட், இரண்டாவது பெட்டரி. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் ஜனங்கள் பொறுப்பார்கள். சத்தம் கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள்.

வாங்கும் முன் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார். மலைநாட்டுச் சாமானில் பூஞ்சணம் பிடித்திருக்கும். சிலந்தி நூல் போல் தெரிந்தால் தொடாதே, எவ்வளவு குறைத்தாலும் சரி. வாங்கிய பின் ஈரம் படாத டப்பாவில் வை.

ஸ்டாண்ட் நிற்கும் இடத்தில் மூன்று காலுக்கும் மூன்று கல் புதைத்துவிடு. ஒவ்வொரு ஞாயிறும் அதே கற்களில் நிறுத்தி, அதே பக்கம் பார்த்து எடு. பனியும் வெயிலும் மழையும் மாறுவதை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டலாம். நல்ல தொடக்கமாக இருக்கும்.

அம்மாவைப் பற்றி எனக்கு எழுதாதே. அவரைத் தோண்டி எடுக்கும் முன்பே, தேடியது போதும் என்று நீ கையெழுத்து வைத்தாய். அத்தோடு நமக்குள் அந்தப் பேச்சு முடிந்தது.

ரஜீவ்

*

கல்லுமலை
2024 செப்டம்பர் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

கேமரா வாங்கிவிட்டேன். நீங்கள் சொன்ன ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு ஜௌபர் நானாவைப் படுத்திவிட்டேன். முதலில் பளபளவென்று ஒன்றைக் காட்டினார். டார்ச் அடித்தேன். உள்ளே சிலந்தி நூல்.

"இது நுவரெலியாவிலேருந்து வந்தது தங்கச்சி, லேசா தொடச்சா போயிரும்."

"போகாதுன்னு அண்ணன் எழுதியிருக்காரு நானா."

அவர் சிரித்துவிட்டு உள்ளே போய் இன்னொன்றைக் கொண்டுவந்தார். மூலையெல்லாம் தேய்ந்து, வெள்ளி நிறம் உரிந்து கிடந்தது. ஆனால் லென்ஸ் கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. அதையே எடுத்தேன். மைக்கும் ஸ்டாண்டும் வாங்கினேன். பெட்டரி ஒன்றை அவராகவே சேர்த்து வைத்தார்.

இந்தக் கேமராவுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. யாரைக் காட்டினாலும் அவர் முகத்தைச் சுற்றித் திரையில் ஒரு வெள்ளைக் கட்டம் வந்து உட்காருகிறது. ஆள் நகர்ந்தால் கட்டமும் நகர்கிறது. முன்பள்ளிப் பிள்ளைகள் அதைக் கண்டு கூத்தாடினார்கள். முகத்தை மூடுவதும் திறப்பதுமாக ஒரு நாள் பாடமே நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் மூன்று கல் புதைத்து ஸ்டாண்டை நிறுத்தினேன். அங்கிருந்து பார்த்தால் சரிந்த இடம் முழுவதும், அதன் விளிம்பில் நிற்கும் இரண்டு சவுக்கு மரமும், கீழே எங்கள் லயத்துக் கூரையும் ஒன்றாகத் தெரியும். பனி இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் இல்லை. நாய்கூட அங்கே போகாது.

நம் காம்பரா இருந்த இடத்தில் கட்டம் வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். வெறும் புல், பனி, அதற்கு நடுவே ஒரு வெள்ளைக் கட்டம். கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெதுவாக இடப்பக்கம் போய், திரும்பி வந்து, பழைய இடத்தில் நின்றது.

எழுதாதே என்றீர்கள். கேமராவைப் பற்றித்தான் எழுதுகிறேன். இது ஏன் இப்படிச் செய்கிறது?

தயானி

*

கொழும்பு
2024 செப்டம்பர் 20

தயானி,

பயப்பட ஒன்றுமில்லை. முகம் என்றால் கேமராவுக்கு என்ன தெரியும்? மேலே இரண்டு இருட்டு, கீழே ஓர் இருட்டு. அவ்வளவுதான். சுவரில் ஈரக்கறை, கிளையில் தொங்கும் சாக்கு, பாறையில் பாசி, எதிலும் அது முகம் பார்க்கும். போன மாதம் கல்யாண வீடு ஒன்றில் பலாப்பழத்துக்குக் கட்டம் போட்டது. பனி நகர்ந்தால் நிழல் நகரும், கட்டமும் நகரும்.

மெனுவில் முகம் தேடும் வேலையை நிறுத்திவிடு. தொந்தரவு தீர்ந்தது.

இதைச் சாக்காக வைத்து என்னை அங்கே வரவழைக்கலாம் என்று நினைத்தால், நடக்காது. அந்த மண்ணில் இனி நான் கால் வைக்க மாட்டேன்.

கட்டம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் வந்தது? பாறையா மரமா என்று கண்டுபிடிக்கத்தான் கேட்கிறேன்.

ரஜீவ்

*

கல்லுமலை
2024 ஒக்டோபர் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

உயரம் கேட்டீர்கள். நிற்பவர் உயரம் இல்லை. அடுப்புக்கு முன்னால் குந்தியிருப்பவர் உயரம்.

பாறை இல்லை, நேரில் போய்த் தடவிப் பார்த்தேன். பாசி இல்லை. சாக்கு இல்லை. நீங்கள் சொன்னபடி அந்த வேலையை நிறுத்தினேன். கட்டம் போய்விட்டது, ஆனால் லென்ஸ் உள்ளேயும் வெளியேயும் போய்ப் போய் எதையோ தேடுகிறது. அந்தச் சின்ன 'கிர்' சத்தத்தைக் கேட்கச் சகிக்கவில்லை. மறுபடி போட்டுவிட்டேன்.

இராக்கம்மா அத்தையிடம் எதுவும் சொல்லாமல், "அங்க கொஞ்சம் போய் நில்லுங்கத்தை, வெளிச்சம் பாக்கணும்" என்றேன். போய் நின்றார். அவர் முகத்தில் ஒரு கட்டம். அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் இன்னொன்று. அத்தை திரும்பி வந்து, "அந்த எடத்துல மட்டும் ஏன்டி சூடா இருக்கு?" என்று கேட்டார்.

இப்போது ஞாயிறு மட்டும் இல்லை, தினமும் வேலைக்கு முன் போகிறேன். தொட்டியருகில் இருந்தவள், இப்போது சரிவுக்குள்ளேயே போய் உட்காருகிறேன். படம் எடுப்பதுகூட இல்லை சில நாட்களில். திரையைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருப்பேன். முன்பள்ளியில் நடந்ததைச் சொல்வேன். கட்டம் அசையாமல் கேட்டுக்கொண்டிருக்கும்.

எனக்குப் பைத்தியம் என்று நினைப்பீர்கள். கொழும்புக்கு மரக்கறி லொறி ஓட்டும் ஷப்ராஸிடம் மெமரி கார்டைக் கொடுத்தனுப்புகிறேன். முதல் நாளிலிருந்து எல்லாம் இருக்கிறது. நீங்களே பாருங்கள்.

தயானி

*

கொழும்பு
2024 ஒக்டோபர் 21

தயானி,

இதை எழுதி முடித்ததும் ஷப்ராஸ் கையில் கொடுக்கிறேன். தபாலை நம்பவில்லை. முழுவதும் வாசி.

கட்டம் எதிலும் இல்லை. இருக்கவும் முடியாது. அது எடுப்பவர் கண்ணுக்காகத் திரையில் மட்டும் வருவது, கார்டில் பதிவாகாது. இதை முன்பே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஆகவே நீ கண்டதை நான் ஆமென்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. கடையின் பெரிய திரையில் போட்டு இரண்டு நாள் பார்த்தேன். புல்லைத்தான் பார்த்தேன். ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நான் எழுத வந்தது வேறு. ஞாயிற்றுக்கிழமைத் துண்டுகளை ஒட்டிப் பார்க்கலாமென்று முதலாவதையும் கடைசியையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டேன். சேரவில்லை. உன் ஸ்டாண்ட் அசைந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் லயத்துக் கூரை கூரைமேல் சரியாக உட்காருகிறது. எதிர்மலைக் கோடும் அப்படியே பொருந்துகிறது. இரண்டு சவுக்கு மரங்கள் மட்டும் பொருந்தவில்லை. சாய்ந்திருக்கின்றன. சாய்ந்தது மட்டுமில்லை, கீழே வந்திருக்கின்றன. இடையில் எடுத்த எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டினேன். வாரத்துக்கு வாரம் இறங்குகின்றன.

மரம் நடக்காது தயானி. மண் நடக்கிறது. அது கீழ் லயத்துக்கு நேர் மேலே இருக்கிறது. ஐப்பசி மழை இன்னும் முழுதாகத் தொடங்கவில்லை.

படங்களை அச்செடுத்து வைத்திருக்கிறேன். தோட்டத் தலைவர் அழகரிடம் காட்டு. மண்சரிவு பார்க்கும் அதிகாரிகளைக் கூப்பிடச் சொல். எல்லோரும் வெளியேற வேண்டும். நீ அந்தச் சரிவுக்குள் இனி ஒரு நாளும் போகாதே.

அன்று தோண்டு தோண்டு என்று மண்ணில் புரண்டவன் நான்தான். அதே ஆள் சொல்கிறேன். அம்மாவை அங்கேயே விட்டுவிட்டு வா.

என் நம்பரைப் படத்தின் பின்னால் எழுதியிருக்கிறேன். உடனே எடு.

அண்ணன்

*

கல்லுமலை
2024 ஒக்டோபர் 24

அண்ணே,

படங்களைத் தலைவரிடம் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மரம்னா சாயத்தான் செய்யும். இத வச்சு இத்தன குடும்பத்த எங்க கொண்டு போய் வைக்கிறது?" என்றார். நான் அவரை வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால், வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை.

நம்பரைப் பார்த்தேன். எடுக்க மாட்டேன். குரலைக் கேட்டால் நீங்கள் சொல்வதைச் செய்துவிடுவேன்.

அன்று கையெழுத்து வைக்காவிட்டால் தோண்டப் போனவர்கள் மேலும் மண் விழுந்திருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். வைத்தேன். அம்மாவை விட்டுவிட்டு இறங்கினேன். அதற்காக நீங்கள் என் முகத்தையே பார்க்காமல் போனீர்கள். இப்போது நீங்களே விட்டு வா என்கிறீர்கள். ஒரு தடவை விட்டுவிட்டு வந்தவள் நான். இரண்டாம் தடவை என்னால் முடியாது.

மழை பிடித்துவிட்டது. காலையில் கட்டம் எனக்கு முன்பே வந்து காத்திருந்தது.

தயானி

*

கல்லுமலைத் தோட்டப் பாடசாலை
2024 நவம்பர் 17

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று போனில் பேசும்போது இதைச் சொல்ல முடியவில்லை. வகுப்பறைக்குள் இத்தனை பேர் படுத்திருக்க, எதைப் பேசினாலும் எல்லோரும் கேட்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை பகல் மலை சரிந்து வந்ததை உங்களுக்குச் சொன்னேன். சத்தத்தை மட்டும் சொல்லவில்லை. லொறியிலிருந்து கல் கொட்டுவது போல் ஆரம்பித்து, அப்புறம் ஒன்றுமே கேட்காதது போல் ஆனது. பாடசாலை முற்றத்தில் எல்லோரும் எழுந்து நின்று ஒருவரை ஒருவர் எண்ணினோம். எல்லோரும் இருந்தோம். இராக்கம்மா அத்தையின் ஆடு ஒன்று மட்டும் போனது. கீழ் லயம் இருந்த இடமும், தண்ணித் தொட்டியும், நம் காம்பரா இருந்த இடமும் இப்போது ஒரே சிவப்பு மண்.

நீங்கள் என் கடைசிக் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் ஆளாகவே வந்து நிற்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று தலைவர் தினமும் சொல்கிறார். மழையில் அவர் கையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு போய், சவுக்கு மரத்தடியில் மானாப் புல்லை விலக்கி வெடிப்பைக் காட்டினீர்களாமே. தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டாராம். "உள்ள தண்ணி ஓடுது புள்ள, ஆத்துல கைய வச்ச மாதிரி இருந்துச்சு" என்கிறார். அதன்பின் அவரே வீடு வீடாகக் கதவைத் தட்டி எல்லோரையும் கிளப்பினார்.

நான் மட்டும் கிளம்பவில்லை. தொட்டியருகே கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் மேலே ஏறி வந்து என்னை நகர்த்திவிட்டுத் திரையைப் பார்த்தீர்கள். கட்டம் இருந்தது. நான் கண்ணால் கண்டேன். நீங்கள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல. நீ நட, கேமராவ நான் எடுத்துட்டு வாறேன்" என்றீர்கள். அந்தப் பொய் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் விறுவிறுவென்று இறங்கினேன். நீங்கள் கொழும்புக்குப் பஸ் ஏறும்வரை உங்களோடு பேசவும் இல்லை.

மலை வந்த மறுநாள் கேமராவைத் திறந்தேன். நான் உட்கார்ந்திருந்தபோதே பதிவு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நீங்கள் அதைக் கவனிக்கவில்லை.

நான் இறங்கிப் போகும் காலடிச் சத்தம் கேட்கிறது. பிறகு நீங்கள் கேமராவுக்கு முன்னால் போகிறீர்கள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்கிறீர்கள். மழையில் நனைந்துகொண்டு சரிவைப் பார்த்து நிற்கிறீர்கள். மைக் நன்றாக எடுத்திருக்கிறது, அண்ணே. ஒரு சொல் விடாமல் கேட்கிறது.

"அம்மா. தேடுறத நிப்பாட்டுனது அவ இல்லம்மா. மழதான் நிப்பாட்டுச்சு. எனக்கு அப்பவே தெரியும். யார் மேலயாவது பழியப் போடணும்னு போட்டுட்டேன். அவ சின்னப் புள்ள. நான் கூட்டிட்டுப் போறேன். இனிமே மேல கூப்பிடாதீங்க."

அப்புறம் திரும்பிக் கேமரா பக்கமாக நடந்து வந்தீர்கள். முகம் நன்றாகத் தெரிகிறது. அழுதிருக்கிறீர்கள். மூக்கைத் துடைக்கிறீர்கள். ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வந்து கொஞ்சம் நிற்கிறீர்கள். அந்த நேரம் லென்ஸ் உள்ளே 'கிர்' என்றது. உங்கள் முகம் மெதுவாக மங்கிப் போனது. உங்களுக்குப் பின்னால், நம் காம்பரா இருந்த இடத்தில், புல் ஒவ்வொன்றாகத் தெளிந்தது. மழைத்துளி விழுவதுகூடத் தெரிந்தது. அங்கே யாரும் இல்லை. லென்ஸ் அங்கேயே நின்றது. நீங்கள் அசையவில்லை. பிறகு அது மெதுவாக உங்களிடம் திரும்பி வந்தது. உங்கள் முகம் மறுபடி தெளிந்தது. உங்கள் கை வந்து கேமராவை நிறுத்தியது.

இது ஏன் நடந்தது என்று நீங்கள் காரணம் எழுதலாம். எழுதுங்கள், நான் வாசிக்கிறேன். கட்டம் பதிவாகாது என்று சொன்னதை ஒத்துக்கொண்டது போல இதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் இராக்கம்மா அத்தைக்கு நான் எதையும் சொல்லவில்லை. வகுப்பறை மூலையில் உட்கார்ந்து அந்தச் சின்னத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் வந்து குனிந்தார். கட்டத்தைப் பற்றியோ, அன்று அவரை ஏன் அங்கே நிறுத்தினேன் என்றோ அவருக்கு இன்றுவரை தெரியாது. உங்கள் முகம் மங்கியதும் அவர் தன் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தார். முடிந்ததும் முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"மாரியாயி அவ மகனத்தான் பாத்துட்டுப் போறா. இன்னொருக்கா போடு" என்றார்.

போட்டேன். முடிந்ததும் மறுபடி கேட்டார். பிள்ளைகள் விளையாடும் சத்தமும் மழையும் கேட்டுக்கொண்டிருக்க, பெட்டரி தீரும்வரை நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

உங்கள் தங்கச்சி,
தயானி